வாடிக்கையாளரின் முதுகு

பிப்ரவரி 3

மாமாவுக்குக் கடுகின் வணக்கம்.

நான் நலம். அங்கே நீங்கள், அத்தை, அம்மா, சலவைக்கடைக் கொதிகலன் ஆகிய நால்வரும் நலமா? கொதிகலனைக் குடும்பத்தில் சேர்த்ததற்குக் கோபிக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் நீங்கள் முதலில் நலம் விசாரிப்பது அதைத்தான்.

விளையாட்டு விடுதியில் எங்கள் செல்போன்களை வார்டன் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். மல்யுத்தம் கற்க வந்தவர்கள் விரலுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டாம் என்றார். அதனால் இனி கடிதம்தான்.

அறையில் நாலு பேர். சன்னலோரக் கட்டில் எனக்கு. தலைமாட்டு ஆணியில் உங்கள் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளே வந்ததும் மற்ற மூவரும் மூக்கைப் பிடித்தார்கள்.

"என்னடி அது, எதாவது செத்துக் கிடக்கா?"

"அது வெற்றி" என்றேன்.

நம் பயிற்சிக்கூடத்தின் வழக்கத்தை விளக்கினேன். ஜெயித்த அன்று தோளில் கிடந்த துண்டை, தோற்கும் வரை துவைக்கக் கூடாது. நீங்கள் தோற்காமலேயே கோதாவை விட்டு இறங்கிவிட்டதால், அந்தத் துண்டு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தண்ணீரைப் பார்த்ததில்லை. எனக்குத் தரும் வரை பயல்களுக்குப் பயிற்சி கொடுத்து முடித்ததும் அதில்தான் கழுத்தைத் துடைப்பீர்கள். எனக்கு இங்கே இடம் கிடைத்த அன்று, கூடத்தில் எல்லோரும் பார்க்க, அதை என் தோளில் போட்டீர்கள். எல்லாவற்றையும் பெருமையாகத்தான் சொன்னேன்.

எதிர்க் கட்டில்காரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க மாமாவுக்கு என்ன தொழில்?" என்றாள்.

"சலவைக்கடை."

அதன்பின் அவர்கள் சிரித்ததை எழுத்தில் கொண்டுவர எனக்குப் புலமை போதாது. மறுநாள் பயிற்சி ஆட்டத்தில் அவளை முதுகு தரையில் படும்படி போட்டுவிட்டு வந்து, அதே துண்டில் கழுத்தைத் துடைத்தேன். சிரிப்பு நின்றது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறந்துவிட்டேன்: கழுத்துக்குக் கீழே வட்டமாக ஒரு சிவப்பு. கொஞ்சம் அரிப்பு. ஒன்றுமில்லை.

கடுகு


பிப்ரவரி 14

கடுகுக்கு மாமாவின் ஆசிகள்.

இங்கு அனைவரும் நலம். கொதிகலனும் நலம். அது குடும்பத்தில் ஒன்றுதான். மற்றவர்களைவிடக் குறைவாகக் கொதிக்கிறது.

நீ அந்தப் பெண்ணைப் போட்ட செய்தியை, துணி எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சட்டை வாங்க வந்த வக்கீல் ஒருவர் முழுவதும் கேட்டுவிட்டு, "என் சட்டை?" என்றார். அவருக்கு விளையாட்டில் நாட்டம் இல்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று உனக்குப் பெயர் வைத்தவன் நான். வைத்தவனுக்கும் அதில் பங்கு உண்டல்லவா?

அந்த வட்டம் பற்றி. அதற்குப் படர்தாமரை என்று பெயர். பயப்படாதே, அது கோதாவின் முத்திரை. நம் கூடத்தில் அது வராதவனை நாங்கள் பயில்வான் என்றே எண்ணுவதில்லை. இத்துடன் ஒரு டியூப் அனுப்பியிருக்கிறேன். மூலைக்கடையில் கிடைப்பது. டாக்டர் சீட்டு எதுவும் வேண்டாம், பெயரைச் சொன்னால் போதும், கடைக்காரன் எடுத்து நீட்டுவான். நம் கூடத்துக்கு மொத்தமாக ஒரே டியூப்; ஒற்றுமைக்கு ஒற்றுமை, மருந்துக்கு மருந்து. தடவிப் பார், இரண்டே நாளில் அரிப்பு ஓட்டம் பிடிக்கும். நானே சாட்சி.

இங்கே புழுக்கம் அதிகம். ஆனாலும் இப்போதெல்லாம் முழுக்கைச் சட்டைதான் போடுகிறேன். வயதுக்கேற்ற கௌரவம் வேண்டும் பார்.

உன் அம்மா உன்னைச் சரியாகச் சாப்பிடச் சொன்னாள்.

மாமா


மார்ச் 2

மாமாவுக்குக் கடுகு எழுதுவது. நலம். நாடுவதும் அதுவே, வேறு புதிதாக எழுதத் தோன்றவில்லை.

உங்கள் டியூப்புக்கு ஒரு கோயிலே கட்டலாம். இரண்டு நாளில் அரிப்பு போச்சு, சிவப்பும் மங்கிவிட்டது. அறையில் இன்னொருத்திக்கும் தொடையில் வட்டம் வந்தது. ஒற்றுமைக்கு ஒற்றுமை என்று அவளுக்கும் கொடுத்தேன். மறைந்ததும் இருவருமே நிறுத்திவிட்டோம்.

முக்கியச் செய்தி: ஆகஸ்டில் நடக்கும் பெரிய போட்டிக்கு எங்கள் அணியில் என் பெயர் வந்திருக்கிறது! எடை குறைந்த பிரிவில் நான்தான். அதற்கு முன் இந்த மாதக் கடைசியில் இங்கேயே ஒரு போட்டி. நீங்கள் வர வேண்டும். முதல் வரிசையில் உட்கார வேண்டும். நான் ஜெயித்ததும் ஓடி வந்து உங்கள் முதுகில் தொங்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்படித்தானே?

கடுகு


மார்ச் 30

கடுகுக்கு,

நலம். போட்டிக்கு வர இயலவில்லை. ஓட்டல்காரர்களின் படுக்கை விரிப்புகள் மலைபோல் வந்துவிட்டன. கொதிகலனிலும் சிறு கோளாறு. ஜெயித்தாய் என்று கேள்விப்பட்டேன். நெஞ்சு நிமிர்ந்தது.

முதுகில் தொங்குகிற வயதா உனக்கு?

மாமா


ஏப்ரல் 12

மாமாவுக்கு,

அத்தையும் அம்மாவும் நலமா? நான் நலம் என்று எழுதலாம், ஆனால் பொய்யாகும்.

வட்டம் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை தனியாக வரவில்லை, கழுத்து, தோள், கை என்று உறவினர்களோடு வந்திருக்கிறது. ஓரமும் முன்போலத் தெளிவாக இல்லை. மறுபடி உங்கள் டியூப்பைத் தடவினேன். அரிப்பு அடங்கியது, ஆனால் வட்டம் அகன்றது. கழுத்து மூடிய பனியன் போட்டுக்கொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. பயிற்சியாளர் அம்மா எல்லோரையும் வரிசையில் நிறுத்தித் தோல் பரிசோதனை செய்தார். என் முறை வந்ததும், "கழுத்தக் காட்டு" என்றார். காட்டினேன். "கோதாவ விட்டு எறங்கு."

ஜெயித்து இறங்கியிருக்கிறேன், தோற்று இறங்கியிருக்கிறேன். ஆடாமல் இறங்கியது அன்றுதான். அத்தனை பேர் முன்னால்.

தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். வட்டத்தின் ஓரத்தை லேசாகச் சுரண்டி, நுண்ணோக்கியில் பார்த்தார். பூஞ்சைதான் என்றார். உங்கள் டியூப்பை வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார்.

"இதுல பூஞ்சைக்கு மருந்து இருக்கு. கூடவே ஸ்டீராய்டும் இருக்கு. வாசல்ல காவலும் போட்டு, பின்கட்டு வழியா திருடனுக்குச் சோறும் போட்ட கதை. அரிப்பு தெரியாது, சிவப்பு தெரியாது, உள்ள அது பாட்டுக்கு வளரும். ரொம்ப நாள் தடவினா தோலே மெலிஞ்சிரும்."

"எங்க கூடத்துல எல்லாரும் இதான் மேடம்..."

"அப்ப எல்லாருக்கும் இருக்கும். ஒரே டியூப்பா?"

"ஆமா. ஒத்துமைக்காக."

"நல்ல ஒத்துமை. துண்டு?"

அந்த இடத்தில் நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "யாரோட துண்டு?" என்றார். என்னுடையது என்று சொல்லிவிட்டேன். உங்களைச் சொல்லவில்லை.

ஸ்டீராய்டு கலக்காத, வெறும் பூஞ்சைக்கான களிம்பு தந்திருக்கிறார். தோல் சுத்தமாகும்வரை பயிற்சி கிடையாது. தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடுகிறேன். ஆகஸ்ட் போட்டியில் எடை பார்க்கும்போதே தோலையும் பார்ப்பார்களாம். ஒரு வட்டம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

துண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். துவைக்கவில்லை. உங்களைக் கேட்காமல் துவைக்க மாட்டேன். கேட்கிறேன். துவைக்கட்டுமா?

கடுகு


மே 19

கடுகுக் கண்ணுக்கு அத்தை எழுதுவது.

நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. தப்பிருந்தால் சிரித்துக்கொள். உன் அம்மா நலம். நான் நலம். மூன்றாவது ஆளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீ ஏப்ரலில் எழுதியதை உன் மாமா படித்தார், மடித்தார், மறுபடி பிரித்துப் படித்தார். பதில் எழுத உட்கார்ந்து "கடுகுக்கு" என்று எழுதிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தத் தாள் இன்னும் மேசை மேல் இருக்கிறது.

அந்தக் கொதிகலன் பக்கத்தில் பனியனோடு நின்றாலே உயிர் போகும். இந்த மனுஷன் முழுக்கைச் சட்டையில் நிற்கிறார். யாரும் பார்க்காதபோது கதவு நிலையில் முதுகைத் தேய்க்கிறார், மாடு மரத்தில் தேய்ப்பது போல. கதவே ஆடுகிறது. ராத்திரி முன்னறையில் தனியாகப் படுக்கிறார். "என்னங்க முதுகுல?" என்று கேட்டேன். "வேர்க்குரு" என்றார். "வேர்க்குருவுக்கு எதுக்கு அந்த டியூப்?" என்றேன். எதிராளியைப் பார்க்கிற மாதிரி ஒரு முறை முறைத்தார். எனக்கு அந்த முறைப்பு பழகிப்போனது.

மார்ச்சில் உன் போட்டிக்கு வராததும் அதனால்தான். பெட்டி கட்டி, பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தார். நீ முதுகில் தொங்குவேன் என்று எழுதியிருந்தாயாமே.

எனக்கும் மணிக்கட்டில் ஒரு வட்டம் வந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். ஆறிக்கொண்டு வருகிறது. நான் பயில்வான் இல்லை பார், எனக்கு மானத்தைவிடத் தோல் பெரிது.

நான் எழுதியதாகச் சொல்லாதே. சொன்னால் அவர் மானம் போகும். போனால் அதையும் நான்தான் துவைத்துக் கொடுக்க வேண்டும்.

அத்தை


மே 27

மாமாவுக்குக் கடுகின் வணக்கம்.

வேலை மிகுதியால் நீங்கள் பதில் எழுதவில்லை என்று தெரியும். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் உங்களுக்காக அல்ல. உங்கள் வாடிக்கையாளர்களுக்காக. கடைக்கு எத்தனையோ விதமான துணி வருகிறது, எத்தனையோ விதமான ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் யாருக்காவது படர்தாமரை இருந்து, வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு உதவட்டும் என்று டாக்டர் எனக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமே இல்லாமல் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈரம்தான் பூஞ்சைக்கு மாமியார் வீட்டு விருந்து. பிறகு களிம்பை மெல்லிசாகத் தடவ வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பது போல அப்பினால் சீக்கிரம் போகாது. வட்டத்துக்குள் மட்டும் தடவிவிட்டு நிறுத்தக் கூடாது; வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குத் தடவ வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். தடவிய கையைக் கழுவ வேண்டும். கண், வாய்ப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. எரிச்சல் அதிகமானால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும்.

நான் செய்த தவறை அந்த வாடிக்கையாளர் செய்யக் கூடாது: மறைந்ததும் நிறுத்துவது. மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை தடவ வேண்டும். ஒன்றுமில்லாத தோலில் மருந்து தடவுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தெரியட்டும்.

ஒருவர் டியூப் ஒருவருக்கு. ஒருவர் துண்டு ஒருவருக்கு. அதைச் சூடான தண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். சூடான தண்ணீருக்கு உங்கள் வாடிக்கையாளர் எங்கே போவார் என்ற கவலை எனக்கில்லை.

உங்கள் கடையில் அப்படி யாரும் இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

கடுகு


ஜூன் 8

கடுகுக்கு,

அனைவரும் நலம்.

நீ எழுதியது நல்லதாகப் போயிற்று. நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் உண்மையிலேயே அந்த நிலையில்தான் இருக்கிறார். நல்ல மனிதர். மானஸ்தர். அவர் சார்பில் கேட்கிறேன்.

அவருக்கு இது முதுகு முழுவதும், இடுப்பைச் சுற்றியும் இருக்கிறதாம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதால் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அவரும் அந்த மூலைக்கடை டியூப்பைத்தான் மாதக்கணக்கில் தடவியிருக்கிறார். அவருக்குக் களிம்பு போதுமா? டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்வாரா? இன்னொன்றும் கேட்கச் சொன்னார். அவரிடமிருந்து இது வேறு யாருக்காவது போயிருந்தால், அவர்களுக்கு அவர் மேல் கோபம் இருக்குமா?

மாமா


ஜூன் 14

மாமாவுக்கு,

நலம். வாடிக்கையாளரை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

எங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அவ்வளவு பரவியிருந்தால், அதுவும் அந்த டியூப்பை மாதக்கணக்கில் தடவிய பிறகு, களிம்பு மட்டும் போதாதாம். நேரில் காட்ட வேண்டும். மாத்திரை தருவார்கள்; அதைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது, ரத்தம் பார்த்துத்தான் தருவார்கள். டாக்டர் கட்டாயம் சட்டையைக் கழற்றச் சொல்வார். வாடிக்கையாளர் வாழ்நாளில் பாதியை ஆயிரம் பேர் முன்னால் சட்டையில்லாமல் கழித்தவராக இருந்தால், ஒரு டாக்டருக்கு முன்னால் கழற்றுவது பெரிய காரியமில்லை.

கடைசிக் கேள்விக்கு டாக்டரைக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கோபம் இல்லை. அவர் தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை எடுத்துக் கொடுத்தார். கூடவே பூஞ்சையும் வந்தது. அவ்வளவுதான். குப்புற விழுந்தால் மீசையில் மண் ஒட்டத்தான் செய்யும். ஒட்டவில்லை என்று சொல்லிக்கொண்டு உட்காராமல், தட்டிவிட்டு எழுந்து வந்து முதல் வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.

கடுகு


ஜூலை 5

கடுகுக்கு மாமாவின் ஆசிகள்.

வாடிக்கையாளர் ஆஸ்பத்திரிக்குப் போனார். துணைக்கு உன் அத்தை போனாள். ஒரு வாடிக்கையாளருக்கு உன் அத்தை ஏன் துணை போக வேண்டும் என்று கேட்காதே, இளகிய மனசுக்காரி.

டாக்டர் சின்னப் பையன். மீசை இப்போதுதான் விண்ணப்பம் போட்டிருக்கிறது. "சட்டைய கழட்டுங்க ஐயா" என்றான். வாடிக்கையாளர் கழற்றினார். பையன் முதுகைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"எவ்ளோ நாளா இருக்கு?"

"கொஞ்ச நாளா."

"ஒரு வருஷமா" என்றாள் உன் அத்தை. பெண்கள் கண்ணுக்கு முழுக்கைச் சட்டை பொருட்டே இல்லை போலிருக்கிறது.

"வலி, அரிப்பு எல்லாம் எப்படித் தாங்குனீங்க?"

"நான் தோத்ததே இல்ல தம்பி" என்றார் வாடிக்கையாளர்.

"இதுல தோத்துருக்கீங்க ஐயா. பரவால்ல, இப்ப திருப்பி அடிப்போம்" என்றான். பையனுக்கு வாய் நீளம். ஆனால் கைராசிக்காரன். மாத்திரையும் களிம்பும் கொடுத்தான். டியூப்பைக் குப்பையில் போடச் சொன்னான். இப்போது அரிப்பு குறைந்து, வாடிக்கையாளர் ராத்திரி தூங்குகிறார். கதவு நிலையும் ஓய்வெடுக்கிறது.

உன் தோல் எப்படி இருக்கிறது? நீ ஏப்ரலில் ஒன்று கேட்டாய். நான் பதில் எழுதவில்லை. துண்டை அனுப்பு.

மாமா


ஜூலை 13

மாமாவுக்கு,

துண்டை இரட்டைப் பையில் கட்டிப் பார்சலில் அனுப்பிவிட்டேன். தபால் ஊழியர் என்ன உள்ளே என்றார். "வெற்றி" என்ற சொல் வாய்வரை வந்தது. "அழுக்குத் துணி" என்று சொன்னேன். மன்னியுங்கள்.

என் தோலில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் டாக்டர் சொன்ன நாள்வரை அந்த வெறும் கழுத்தில் களிம்பு தடவினேன். அறையில், "யாருக்குடி மருந்து போடற, காத்துக்கா?" என்று கேலி. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்ததும், பயிற்சியாளர் அம்மா கோதாவைக் காட்டி, "ஏறு" என்றார். ஒரே ஒரு சொல். எனக்கு யாரும் அதைவிட நீளமாகப் பாராட்டு எழுத முடியாது.

போட்டி ஆகஸ்ட் 20. முதல் வரிசையில் ஓர் இடம் பிடித்து வைக்கிறேன். வாடிக்கையாளருக்கு.

கடுகு


ஆகஸ்ட் 26

வெண்கலம் வென்ற கடுகுக்கு,

நேரில் பார்த்துவிட்டு வந்து கடிதம் எதற்கு என்பாய். நேரில் எனக்குப் பேச்சு வரவில்லை என்பதை நீயும் பார்த்தாய். உன் அம்மாவும் அத்தையும் நலம். பதக்கத்தின் படத்தைக் கடையில் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறோம். அந்த வக்கீலுக்கு நாலு முறை சொல்லியாகிவிட்டது. சட்டையை இப்போதெல்லாம் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறார்.

காலையிலேயே வந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. எடை பார்க்கும் இடத்தில் கம்பிக்கு வெளியே நின்றேன். தோலைச் சோதிக்கும் டாக்டரம்மா விளக்கைப் பிடித்து உன் கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திருப்பி முதுகைப் பார்த்தார். நான் ஆடிய ஆட்டம் எதிலும் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை. அவர் "சுத்தம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் கைதட்டிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டம் தொடங்கவே இல்லையே என்றார் பக்கத்தில் நின்றவர். "எங்களுக்கு இனிமேல் நடப்பது இரண்டாவது ஆட்டம், முதலாவதை ஜெயித்துவிட்டோம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அரையிறுதியில் நீ தோற்றபோது உன் முகத்தைப் பார்த்தேன். பிறகு வெண்கல ஆட்டத்தில் அந்த நெட்டைப் பெண்ணைத் தூக்கிப் போட்டபோதும் பார்த்தேன். தோற்ற அதே நாளில் எழுந்து ஜெயிக்க எனக்குத் தெரியாது, கடுகு. எனக்குத் தோற்கவே தெரியாது என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நீ ஓடிவந்து என் முதுகில் தொங்கினாய். அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தேன். டாக்டர் பையன் சான்று கொடுத்த முதுகு, தாராளமாகத் தொங்கலாம்.

துண்டு பற்றி. ஜூலையில் அது வந்ததும், கடையைச் சாத்திவிட்டு, நானே கொதிகலனில் போட்டேன். முதல் தண்ணீர் வந்த நிறத்தை எழுத மாட்டேன், கடிதம் தபாலில் போக வேண்டும். வெயிலில் கொடியில் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். தெருவில் போன கூடத்துப் பெரிசுகள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு நான் இன்னும் கோதாவில் அசையாத பழைய 'தூண்'தான்.

"டேய் தூணு, துண்ட தொவச்சிட்டியா? யாருகிட்டடா தோத்த?"

"தோக்கல. தொவச்சேன்."

பிறகு ஒருவன் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைச் சொறிந்தான். "தொவச்சா போயிருமாடா?" என்றான். "தொவச்சு, டாக்டருகிட்டயும் காட்டினா போகும். நம்ம வாடிக்கையாளர் ஒருத்தருக்குப் போச்சு" என்றேன். இப்போது வாரத்தில் ஒரு நாள் கூடத்துத் துண்டுகள் அத்தனையும் நம் கொதிகலனில்தான் கொதிக்கின்றன. ஜெயித்தவன் துண்டு, தோற்றவன் துண்டு என்று அதற்குப் பேதம் தெரிவதில்லை. கொடியில் வரிசையாகத் தொங்குவதை வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதக்க மேடையில் உன் தோளில் நான் துண்டைப் போட்டதும், "இது யாருது மாமா, புதுசா?" என்று கேட்டாயே. அதே துண்டுதான். அது நீல நிறம். எனக்கே மறந்துபோயிருந்தது.

உன் வாடிக்கையாளர்